மோட்டார் 1 முதல் 14 வரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை, தொலைபேசியில் வந்தது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் மணி அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

"சார், திண்டிவனத்துல சீனு ரெக்கார்டிங் சென்டர்னு கடை வெச்சிருந்தவருங்களா?"

அந்தப் பெயரை யாரும் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆமாம் என்றேன்.

"நான் கிளி பேசறேங்க. விழுப்புரம் வேங்கடேசன் பொண்ணு. ராஜாமணி எனக்கு அத்தை. திண்டிவனத்துல விசாரிச்சி உங்க நம்பர வாங்கினேன். அத்தை போன மாசம் தவறிட்டாங்க சார்."

அவளே தொடர்ந்தாள். அத்தை இருந்த வாடகை வீட்டை வரும் வியாழக்கிழமை காலி செய்து கொடுக்க வேண்டுமாம். தகரப் பெட்டிக்குள் ஒரே ஒரு கேசட் இருந்ததாம். அதில் என் கடையின் முத்திரை, பேனா எழுத்து மங்கிப் படிக்க முடியவில்லையாம். யார் வீட்டிலோ பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கேட்டிருக்கிறாள். எல்லாம் சினிமாப் பாட்டு.

"கடைசில மட்டும் ஒரு நாலு நிமிஷம் இன்னமோ சத்தம் வருதுங்க. ம்ம்ம்னு இழுத்துக்கினே இருக்குது. நடுநடுவுல யாரோ கதவத் தட்ற மாதிரி கேக்குது. அது இன்னா சத்தம்னு உங்களுக்குத் தெரியுமா சார்? தூக்கிப் போட மனசு வரல. வெச்சிக்க எங்கிட்ட எடமும் இல்ல."

ஒரே மூச்சில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். (கதை எழுதுகிறவர்கள் செய்கிற பழைய தந்திரம் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.)

அன்றிலிருந்து எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை.

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

"1986ஆம் ஆண்டு, விழுப்புரம் ரயில் சந்திப்புக்குள் மின்சார எஞ்சின் ஒன்று நுழைந்துகொண்டிருந்தபோது, முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி நடைமேடையில் செப்புக்கம்பிச் சுருள் ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி"

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்த நடைமேடையில் இல்லை. அவள் சொல்லிக் கேட்டது. கண்ணால் பார்த்தவன் மாதிரி எழுதினால் முதல் வரியே புளுகு.

இரண்டாவது ஆரம்பம் கட்டுரையாகக் கிளம்பியது: "மின்னணுக் கருவிகளை வைத்துப் புதுப்புது ஓசைகளைத் தேடிப் பார்த்து, பின்னர் உலகத்தால் மறக்கப்பட்ட கலைஞர்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள்." உண்மைதான். வெளிநாட்டு வானொலி நிலையங்களின் நிலவறையில் உட்கார்ந்து ஒலிநாடாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள், பெரிய நகரத்துக் கல்லூரிகளில் மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. யாரோ அவர்களை மறந்தார்கள், யாரோ தோண்டி எடுத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மறக்கப்படுவதற்கும் முதலில் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. ராஜாமணி பதிந்து செய்ததை முழுசாகக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று நான்.

மூன்றாவது ஆரம்பம்: "அந்த வருடம் மழை" என்று எழுதி நிறுத்திவிட்டேன். மழையில் ஆரம்பிக்கிற கதைகள் தமிழில் போதுமான அளவு இருக்கின்றன.

அதனால் கடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எட்டடிக்குப் பத்தடி. இரண்டு டேப் டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், சுவர் முழுக்கக் கேசட். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கடைக்கு நானே முதலாளி, நானே எல்லாம். ஆட்கள் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்து கொடுப்பேன். மரக்காணத்திலிருந்துகூட வருவார்கள்.

1985 தை மாதம், ஒரு புதன்கிழமை. ஒயர் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

"தம்பி, இந்த ரெண்டு மெஷின்ல ஒன்னு பாடறப்ப இன்னொன்னு புடிக்குமா?"

"புடிக்கும்கா. அதான் நம்ம வேலையே. லிஸ்ட் குடுங்க."

"லிஸ்ட்டு இல்ல. பாட்டும் இல்ல." கூடையிலிருந்து இரண்டு கேசட்டை எடுத்து வைத்தாள். "இது மேல இதப் போடணும். ரெண்டும் ஒன்னா கேக்கணும்."

முதல் கேசட்டைப் போட்டேன். ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். உடனே டெக்கை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். மறுபடியும் அதே இரைச்சல். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"எர்த் சரியில்லக்கா. நீங்க பதிஞ்ச எடத்துல எர்த் கோளாறு. கேசட்டு வீணாப்பூடுச்சி."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எர்த்து நல்லாத்தாம்பா இருக்குது. அது அரங்கநாதன் கெணத்து மோட்டாரு. நல்லா கேளு, டக்கு டக்குனு ஒன்னு தட்டும். பேரிங் போய்க்கினு இருக்குது."

4

விழுப்புரத்தில் 'வேங்கடேசன் மோட்டார் ரீவைண்டிங்' என்று ஒரு பட்டறை இருந்தது. பலகையில் அண்ணன் பெயர். உள்ளே உட்கார்ந்து கம்பி சுற்றியது தங்கை ராஜாமணி. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் கேட்டதில்லை, அதனால் இங்கே கதை கட்டவும் மாட்டேன்.

பட்டறையில் குரோலர் என்று ஒரு சாமான் இருக்கும். காந்தம் ஏறின இரும்புக் கட்டை. அதன் மேல் மோட்டாரின் சுருளை வைத்து, இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றை மேலே காட்டினால், எந்த இடத்தில் கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிருக்கிறதோ அந்த இடத்தில் பிளேடு தடதடவென்று ஆடி ஒலி எழுப்பும். பதினைந்து வயதில் அதைக் கேட்டதிலிருந்துதான் இந்தப் பைத்தியம் என்றாள்.

"நல்ல காயிலு சும்மா கெடக்கும் சீனு. கெட்டுக்கினு இருக்கறதுதான் பாடும். ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி. அண்ணனுக்கு அது கோளாறு. எனக்குக் கேட்டுக்கினே இருக்கலாம் போல இருக்கும்."

செத்துப்போன டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளில் கம்பியைச் சுற்றி, அதை டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் செருகியிருந்தாள். அந்தச் சுருளை ஓடுகிற மோட்டாருக்கு அருகில் பிடித்தால் வெறும் காதுக்குக் கேட்காததும் நாடாவில் ஏறும். மோட்டார் சூடாகிறது, முக்குகிறது என்று விவசாயிகள் யாராவது வந்து சொன்னால், அண்ணனுக்கு முன்னால் இவள் பஸ் ஏறிவிடுவாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து முதலில் அதன் சத்தத்தைப் பதிவாள். பதிந்த பிறகுதான் மோட்டாரைப் பிரிப்பாள். இந்த வரிசை அவளுக்கு முக்கியம்.

இப்படிப் பதினான்கு மோட்டார். கூடவே விழுப்புரம் ஜங்ஷனில் நுழைகிற மின்சார எஞ்சின். ஒன்றரை வருடம், புதன்கிழமைதோறும் தன் டேப் ரெக்கார்டரோடு பாசஞ்சர் ரயிலில் வந்து, என் கடையில் அதையும் இரண்டு டெக்கையும் இணைத்து ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கினாள். டெக்கின் மோட்டார் முதுகில் இருக்கிற சின்ன ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகி வேகத்தைக் குறைப்பாள், கூட்டுவாள். என் டெக் கெட்டுவிடுமோ என்று பக்கத்திலேயே நிற்பேன். அவளிடம் இருந்ததே மூன்று கேசட். அதனால் பழைய அடுக்கை அழித்து அழித்துத்தான் அடுத்த அடுக்கைக் கட்டினாள். இசை என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டதில்லை. 'சத்தம் கட்டறேன்' என்பாள்.

முடிந்தபோது நாற்பத்தைந்து நிமிடம். அரங்கநாதன் மோட்டார் மட்டும் தனியாக ஆரம்பிக்கும். ஒவ்வொன்றாகச் சேரும். பதினான்கும் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கின மாதிரி எல்லாம் சேர்ந்து இழுபடும், எஞ்சின் குறுக்கே போகும். பிறகு ஒவ்வொன்றாக நிற்கும். கடைசியில் மறுபடியும் அரங்கநாதன் மோட்டார், தனியாக, டக்கு டக்கென்று.

இந்த இடத்தில், 'எனக்கு அப்போது காது திறந்தது' என்று ஒரு வரி எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். பொய். எனக்குக் கடைசிவரை தலைவலிதான் வந்தது.* ராஜாமணி அக்காவைப் பிடித்திருந்தது. அவள் கட்டின சத்தம் பிடிக்கவில்லை. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் இது காரணம் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

* புதன்கிழமைக்கென்று மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். அவளே ஒருநாள் கேட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

5

கட்டியாகிவிட்டது, யாரிடம் போட்டுக் காட்டுவது? அவளுக்கு ஒரே ஆசைதான். கிணற்று மேட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்குக் கேட்கும்படி ஒருதடவை போட வேண்டும். விக்கிரவாண்டியில் மைக்செட் வைத்திருந்த தாண்டவராயனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இன்னா விசேஷம்?"

"விசேஷம் ஒன்னுமில்லண்ணே. ஒரு சாயங்காலம் கட்டினா போதும்."

"விசேஷம் இல்லாம கொழா கட்டினா, யாரு செத்தான்னு ஊரே ஓடி வரும். காதுகுத்தா, கல்யாணமா, மஞ்சத்தண்ணியா, கருமாதியா? எதுன்னு சொல்லு, கட்டறேன்."

"எதுவும் இல்ல."

"அப்ப கொழாவும் இல்லம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு டெக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முப்பத்தாறு வயசாவுது சீனு. எனக்குன்னு கொழா கட்டினது ஒரே தடவ, வயசுக்கு வந்தப்ப. அதுலயும் எவனோ எவளுக்கோ பாடின பாட்டு."

1986 ஆவணியில் விசேஷம் ஒன்று வந்தது. அண்ணன் மகள் கிளிக்கு நாலு வயது, காதுகுத்து. மயிலம் கோயிலில் காது குத்தி, கூட்டேரிப்பட்டில் வேங்கடேசனின் மாமனார் வீட்டில் சாப்பாடு. தாண்டவராயன் மைக்செட். பந்தி நடக்கும்போது தன் கேசட்டின் ஒரு பக்கத்தைப் போட வேண்டும் என்று அண்ணனிடம் பிடிவாதமாக நின்று வாங்கிவிட்டாள். பதினான்கு மோட்டார்க்காரர்களையும் நேரில் போய் அழைத்தாள்.

முந்தின புதன்கிழமை கேசட்டை என்னிடம் கொடுத்தாள். சத்தம் குறைவாக இருந்தால் தாண்டவராயனிடம் சொல்லி ஏற்றச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை அவர் வந்து வாங்கிக்கொள்வார். என் கடை முத்திரை அடித்த மேல் தாளில் பேனாவால் எழுதியிருந்தாள்: மோட்டார் 1 முதல் 14 வரை. கேசட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்குமே, அதை உடைத்தால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. என் கண் முன்னாலேயே ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி உடைத்தாள்.

"இனிமே இது மேல யாரும் எதுவும் புடிக்க முடியாது இல்ல?"

"முடியாதுக்கா."

(முடியும். அந்த ஓட்டையின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

6

கண்ணையன் என் கடையில் வேலை பார்த்தவன். முப்பது வயது, நல்ல உழைப்பாளி, ஆனால் அவசரக்காரன். வெள்ளிக்கிழமை நான் வெளியே போயிருந்தேன். முகூர்த்த நேரம், கடையில் வெற்றுக் கேசட் ஒன்றுகூட இல்லை. யாரோ அவசரமாகப் பாட்டுக் கேட்டு வந்து நின்றார்கள். கண்ணையன் ராஜாமணியின் கேசட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். வெறும் இரைச்சல். எர்த் கோளாறில் வீணாய்ப்போன கேசட் என்று நினைத்து, முதுகில் காகிதத்தை ஒட்டி, அதன் மேல் பாட்டைப் பதிந்து

7

கண்ணையன் என்று யாரும் இல்லை.

மன்னிக்க வேண்டும். மேலே உள்ள பகுதியைக் கிழித்துப் போடாமல் அப்படியே விட்டிருக்கிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும். 'நானே எல்லாம்' என்று மூன்றாம் பகுதியில் எழுதிய கை, ஆறாம் பகுதியில் ஒரு வேலைக்காரனைப் படைத்துவிட்டது. எதற்கு? பழியைச் சுமக்க. பாவம், இரண்டு வரி நல்ல பெயர் கொடுத்துவிட்டுத்தான் அவன் தலையில் கட்டினேன்.

சரி, நான்தான் பதிந்தேன். ஆனால் தவறுதலாக. வெற்றுக் கேசட் இல்லை, அவசரம், இரைச்சலைக் கேட்டதும் தொழில் புத்தியில் எர்த் கோளாறு என்று

இதுவும் இல்லை. ஒன்றரை வருடம் கேட்டவனுக்கு அடையாளம் தெரியாதா?

நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை வேங்கடேசன் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கையில் பாட்டு லிஸ்ட்.

"சீனு, நீதாம்பா காப்பாத்தணும். மாமனார் வீட்டு ஆளுங்க அத்தினி பேரும் வர்றாங்க. சோறு போட்டுக்கினு இருக்கறப்ப அந்த எழவ ஓட்டினானா என் மானம் கப்பலேறிடும்."

"அக்கா கிட்ட சொல்லிப் பாருங்கண்ணே."

"சொன்னா கேக்கற ஜென்மமா அது? நாளைக்கி நாலு பேரு அவளப் பைத்தியம்னு சொன்னா உனக்கு நல்லா இருக்குமா? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தக் கேசட்டுலயே இந்தப் பாட்ட புடிச்சிடு. கேட்டா மெஷின் மேல பழியப் போட்டுடு."

அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தியில் நானும் உட்கார வேண்டும். அந்த ம்ம்ம் குழாயில் வரும்போது ஊர் சிரிக்கும், அவள் முகம் சுருங்கும், 'யாருடா இதைப் பதிஞ்சது?' என்று என் கடைப் பெயரும் வரும். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

கடை முத்திரைத் தாளில் ஒரு துண்டைக் கத்தரித்து முதுகில் ஒட்டினேன். பதியும் பொத்தானை அமுக்கினேன். நாற்பத்தொரு நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பாட்டு. லிஸ்ட் முடிந்ததும் நிறுத்தினேன். நாடாவில் இன்னும் நாலு நிமிடம் மீதி இருந்தது.

["கடைசி நாலு நிமிடத்தை மட்டும் அழிக்க மனம் வராமல், வேண்டுமென்றே" என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதை விட்டுவைத்தால் நான் நல்லவனாகிவிடுவேன். லிஸ்ட்டில் பத்தாவது பாட்டு இல்லை. அவ்வளவுதான் எனக்கு நினைவு இருக்கிறது.]

8

ஞாயிற்றுக்கிழமை. கூட்டேரிப்பட்டில் வீட்டு முன்னால் இரும்புக் கம்பம் நட்ட வாடகைச் சாமியானா. புளியமரத்தில் இரண்டு குழாய். கிளி மொட்டைத் தலையும் சந்தனமுமாக, காதைத் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டு தாய்மாமன் மடியில் இருந்தாள். நான் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். அடுத்த பந்திக்குக் காத்து நின்றவர்களில் மோட்டார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், அரங்கநாதனும் இருந்தார்.

ராஜாமணி தாண்டவராயனிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, புளியமரத்தடியில் வந்து நின்றாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். கேசட் ஓடியது. சினிமாப் பாட்டு வந்தது.

அவள் தாண்டவராயனைப் பார்த்தாள். அவர் கேசட்டை வெளியே எடுத்துக் காட்டினார். அவள் எழுதின மேல் தாள்தான், அவள் கையெழுத்துதான். மறுபடி போட்டார். மறுபடியும் பாட்டு. அவள் அங்கேயே நின்றாள். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. காதுகுத்தில் பாட்டுப் போடுகிறார்கள், அதில் கவனிக்க என்ன இருக்கிறது? பந்தி எழுந்தது. அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள். நான் கை கழுவிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கால் வரவில்லை.

ஒன்பதாவது பாட்டு முடிந்தது.

ம்ம்ம்.

கடையில் கேட்டது வேறு, குழாயில் கேட்டது வேறு. தரையிலிருந்து எழும்பி வந்தது. சாமியானாத் துணியே அதிர்ந்த மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் கத்தினார்.

"எர்த்து அடிக்குது! இரும்புல கை வெக்காதீங்க!"

கம்பத்தில் சாய்ந்திருந்தவர்கள் துள்ளி விலகினார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டான். சாப்பிட்டவர்கள் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். கரண்டு எங்கே பாய்கிறது என்று தெரியாததால் நடக்கவும் பயம். நூறு பேருக்கு மேல் இருந்த இடத்தில், எல்லோரும் கையை மேலே தூக்கிக்கொண்டு, அசையாமல், வாய் பேசாமல் நின்றார்கள். தாண்டவராயன் பிளக்கைப் பிடுங்க ஓடினார், அதைத் தொடப் பயந்து கட்டையைத் தேடினார்.

டக்கு. டக்கு.

"டேய், நில்லு!" அரங்கநாதன் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "புடுங்காதடா! இது என் மோட்டாருடா! பேரிங் போனப்ப இப்டித்தான் தட்டிக்கினு கெடந்திச்சி. கேளுங்கடா, என் கெணத்து மோட்டாரு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பு இல்லை அது. அவர் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "என் மோட்டாரும் வருதா? ராஜாமணி எங்கெணத்துலயும் வந்து புடிச்சிக்கினு போச்சே. எனுது எப்ப வரும்?"

இன்னொருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். பதினான்கு பேரில் வந்திருந்த அத்தனை பேரும், கையைத் தூக்கியபடியே, தங்கள் மோட்டார் வருமா என்று குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மல்லாட்டைக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைத்த மோட்டார்கள். ஒவ்வொன்றின் முக்கலும் அவர்களுக்கு மனப்பாடம். நாலு நிமிடம் முடிந்தது. கேசட் 'டப்' என்று நின்றது.

அவர்களுடையது வரவில்லை.

இந்தப் பகுதியில் நான் எதையும் கூட்டவில்லை. ஊர் சிரிக்கும் என்று நானும் வேங்கடேசனும் முடிவு செய்தோம். ஊர் காத்திருந்தது.

9

இனி ராஜாமணி என்னிடம் வருகிறாள். இதற்கு மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அறை வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும்.

இன்னொன்றில், அரங்கநாதன் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், அடுத்த புதன்கிழமை மறுபடி அடுக்க ஆரம்பிக்கிறோம். இதை எழுதிவிட்டு நானே என்னைக் காறித் துப்பினேன்.

மூன்றாவது நடந்தது.

கேசட்டைத் தாண்டவராயனிடமிருந்து வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"மெஷின் கோளாறுக்கா. எர்த் சரியில்ல, அதான்..."

அவள் கேசட்டைத் திருப்பினாள். முதுகில் ஒட்டியிருந்த என் கடை முத்திரைத் துண்டை நகத்தால் உரித்தாள். அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எர்த்துக்குக் கை மொளச்சி காயிதம் ஒட்டிச்சா, சீனு?"

தூரத்தில் வேங்கடேசன் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார். அவள் அதையும் பார்த்தாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, மறுபடி பண்ணிடலாம்கா. எத்தினி புதன்கெழம ஆனாலும் சரி. கடைய மூடிட்டு நான் கூட வர்றேன். எல்லாக் கெணத்துக்கும் போய் மறுபடி புடிச்சிக்கினு வரலாம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபத்தில் பார்த்த மாதிரி இல்லை. விவரம் புரியாதவனைப் பார்க்கிற பார்வை.

"அந்த மோட்டாரெல்லாம் நான் சரி பண்ணிட்டேனேப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பதிந்தது கெட்டுக்கொண்டிருந்த மோட்டார்களை. பதிந்த பிறகு ஒவ்வொன்றையும் அவளே பிரித்து, கம்பி சுற்றி, பேரிங் மாற்றிக் கொடுத்துவிட்டாள். பதினான்கும் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. சும்மா ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தங்கள் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. நான் அழித்த நாடாவில் மட்டுமே இருந்தன.

அவள் போய்ச் சாம்பார் வாளியை எடுத்து, நின்ற பந்தியைத் தொடர்ந்து பரிமாறினாள். என் கடைக்கு அவள் பிறகு வரவில்லை. நானும் விழுப்புரம் பக்கம் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். 1989இல் கடையை மூடினேன். அவள் மறுபடி சத்தம் கட்டினாளா என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் ஒரே ஒரு கேசட்தான் இருந்தது என்று கிளி சொன்னதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நானும் நினைத்துப் பார்க்கிறேன். தூக்கம் பிடிக்கவில்லை.

10

இப்போது சொல்கிறேன். கிளி கேட்டாளே, 'அது இன்னா சத்தம் சார்?' என்று. நான் சொன்ன பதில் இது:

"எர்த் சரியில்லாம இருந்திருக்கும்மா. கோளாறுதான் அது. தூக்கிப் போட்டுடு."

முப்பத்தெட்டு வருடம் கழித்து, ராஜாமணி செத்த பிறகு, யோசிக்காமல் வாயில் வந்தது அதே பொய். கிளி "சரிங்க சார்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. தன் காதுகுத்தில்தான் அந்தச் சத்தம் ஊருக்குக் கேட்டது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அன்று அவள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கிளியின் எண் என் போனில் இருக்கிறது. ஒரே ஒரு வரி போதும்: 'அது உங்க அத்தை கட்டின சத்தம்மா, பத்திரமா வெச்சிரு.' அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். வராமல் இருக்காது. 'அப்ப மீதி எங்க சார்?' அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் வெள்ளிக்கிழமையிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போனை எடுப்பதைவிட இத்தனை பக்கம் எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. இதைக் கதை என்று நம்பிப் படித்து வந்திருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் படித்தது தள்ளிப்போடுவதை.

முடிவு என்னிடம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இன்னும் செவ்வாய்க்கிழமைதான். மேசையில் போன் இருக்கிறது, அந்த முத்திரைத் துண்டும் இருக்கிறது, பசை காய்ந்து பழுப்பேறி. கிளி இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், விழுப்புரத்தில் தகரப் பெட்டிக்குள் கேசட் இருக்கிறது. ஆனால் இது அச்சாகி உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமை போயிருக்கும், வீடு காலியாகியிருக்கும். அதனால் முடிவு உங்களுக்குத்தான் தெரியும். மின்னணு இசையில் மறக்கப்பட்டவர்கள் என்று யாராவது போடுகிற பட்டியலில், விழுப்புரம் ராஜாமணி என்ற பெயரில், ஒரு கிணற்று மோட்டார் தனியாக நாலு நிமிடம் ஓடுவது எங்காவது உங்கள் காதில் விழுந்திருந்தால், நான் போனை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழவில்லை என்றால்